தோற்ற அணிக்கும் அடுத்த ஆட்டம்: ஹொங்கொங் எழுவர் றக்பிச் சுற்றுப்போட்டி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கழகம் நடத்திய அணிக்கு எழுவர் கொண்ட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு நெடுந்தீவிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. விடிவதற்கு முன் எழுந்து, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அந்த இளைஞர்கள், தங்கள் முதல் ஆட்டத்தில் ஒரேயொரு கோலினால் தோற்றார்கள். விலகல் முறையிலான சுற்றுப்போட்டி என்பதால், பாதிக்குப் பத்து நிமிடமாக இருபது நிமிடங்களில் அவர்களுடைய வரவின் நோக்கம் முழுவதும் முடிந்துவிட்டது. அணித்தலைவர் வியர்வை காயாமல் ஏற்பாட்டாளர் மேசைக்கு வந்து, "அண்ணை, இனி எங்களுக்கு மட்ச் இல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னவன் நான்தான். மாலைப் படகுக்கு இன்னும் நேரம் இருந்தபடியால் அவர்கள் மதில் ஓரமாக நின்று மற்றவர்களின் ஆட்டங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு அழைப்பு அனுப்பியும் அவர்கள் வரவில்லை.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வடக்கில் எந்த ஊர்ச் சுவரொட்டியை எடுத்துப் பார்த்தாலும் "அணிக்கு எழுவர்", "விலகல் முறை", "ஞாபகார்த்தக் கிண்ணம்" என்ற மூன்று தொடர்களும் ஒன்றாகவே நிற்கும். முதலாவதையும் மூன்றாவதையும் நாம் யோசித்துத் தெரிவு செய்கிறோம். நடுவில் உள்ளதை மட்டும் யோசிக்காமலே எழுதிவிடுகிறோம். இதே எண்ணிக்கையில் ஆடப்படும் வேறொரு விளையாட்டில், ஹொங்கொங்கில் 1976ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை நடக்கும் ஒரு சர்வதேசச் சுற்றுப்போட்டி, தோற்ற அணியை என்ன செய்வது என்ற வினாவுக்குத் தெளிவான ஒரு விடையைக் கண்டிருந்தது. அந்த விடை எப்படி உருவானது, அது யாரை வளர்த்தது, பின்னர் அது ஏன் சுருங்கியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் பொருள். றக்பி யாழ்ப்பாணத்தில் வேர் பிடித்த விளையாட்டு அல்ல. ஆயினும் ஏற்பாட்டாளர்களாகிய நாம் அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பணமுடையில் பிறந்த எண்

எழுவர் றக்பியின் தொடக்கம் ஸ்கொட்லாந்தின் எல்லைப் பகுதியில் உள்ள மெல்றோஸ் என்ற சிறு நகரில் நிகழ்ந்தது. அந்த ஊர்க் கழகத்துக்குப் பணமுடை ஏற்பட்டபோது, கழக வீரரும் தொழிலால் இறைச்சி வெட்டுபவருமான நெட் ஹேக், ஒரு சுற்றுப்போட்டி நடத்திக் காசு சேர்க்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். பதினைந்து பேர் கொண்ட அணிகளை வைத்து ஒரே பிற்பகலில் பல ஆட்டங்களை நடத்த முடியாது என்பதால் அணிக்கு எழுவர் என்று குறைத்தார்கள். ஆட்ட நேரத்தையும் பதினைந்து நிமிடமாகச் சுருக்கினார்கள். 1883 ஏப்ரல் 28ஆம் திகதி நடந்த அந்த முதலாவது போட்டியின் இறுதியாட்டத்தில் மெல்றோஸ் அணி, அயலூரான காலாவை மேலதிக நேரத்தில் வென்றது. பின்னாளில் எழுவர் றக்பியின் உலகக் கிண்ணத்துக்கு மெல்றோஸ் கிண்ணம் என்றே பெயர் வைத்தார்கள். கழகக் காணிக்கு மதில் கட்டவும் மின்விளக்குப் போடவும் சுற்றுப்போட்டி வைக்கும் நம் ஊர்க் கழகங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தின் பின், ஹொங்கொங்கில் அதே வடிவம் வேறு தேவைக்காகத் தேடி எடுக்கப்பட்டது. றொத்மன்ஸ் புகையிலை நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளராக இருந்த இயன் கோ, உலகின் சிறந்த அணிகளை ஹொங்கொங்குக்கு அழைத்து ஒரு றக்பிப் போட்டி நடத்த விரும்பினார். ஹொங்கொங் றக்பிச் சங்கத்தின் தலைவராக இருந்த டொக்கி ஸ்மித், அதை எழுவர் போட்டியாக நடத்தலாம் என்றார். 1976 மார்ச் 28ஆம் திகதி ஹப்பி வலி பகுதியில் உள்ள ஹொங்கொங் உதைபந்தாட்டக் கழக மைதானத்தில் 12 அணிகள் ஆடின. ஹொங்கொங், இலங்கை, இந்தோனேசியா, ஜப்பான், தென்கொரியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிஜி, டொங்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றை அந்த அணிகள் பிரதிநிதித்துவம் செய்தன. நியூசிலாந்திலிருந்து வந்த கன்ரபெரி வீரர்களின் அணி முதலாவது கிண்ணத்தை வென்றது.

இந்தப் பெயர்ப் பட்டியலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அன்றைய றக்பி உலகின் அதிகாரம் பெரும்பாலும் பிரித்தானியத் தீவுகளின் நாடுகளிடம் இருந்தது. அவற்றுள் ஒன்றுகூட இல்லாத ஒரு பட்டியலில் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இலங்கையும், நியூசிலாந்து வீரர்கள் ஆடிய அதே புல்லில் அதே நாளில் ஆடின. பதினைந்து பேர் றக்பியில் இந்த அணிகளுக்கு நியூசிலாந்தைச் சந்திக்கும் வாய்ப்பு அன்று கனவிலும் இல்லை. அனுசரணை புகையிலைப் பணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. புகையிலை பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த குடாநாட்டவர்களாகிய நமக்கு அந்தப் பயிரின் இரு முகங்களும் தெரியும். எனினும், விளையாட்டுக்கு அத்தகைய அனுசரணை பெறுவதை இலங்கையில் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய அதிகாரசபைச் சட்டம் தடுத்திருப்பது முற்றிலும் சரியானது என்றே கருதுகிறேன்.

நாலு பரப்புக் காணியும் கிளித்தட்டும்

சுற்றுப்போட்டியின் அமைப்பைப் பார்ப்பதற்கு முன் ஆட்டத்தின் இயல்பைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சிறிய அணிகளுக்கு இடம் கொடுக்கும் குணம் ஆட்டத்தின் விதிகளிலேயே ஓரளவு அடங்கியிருக்கிறது. எழுவர் றக்பி பதினைந்து பேர் ஆடும் அதே முழு மைதானத்தில்தான் ஆடப்படுகிறது. இரு ட்ரைக் கோடுகளுக்கும் (பந்தைக் கொண்டுபோய் நிலத்தில் வைத்து ட்ரை எனப்படும் புள்ளி பெறும் எல்லைக் கோடுகளுக்கும்) இடையே 100 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் கொண்ட நிலத்தை எழுவர் காக்க வேண்டும் என்றால், ஒருவருக்கு ஆயிரம் சதுர மீற்றர் வருகிறது. நம் கணக்கில் அது ஏறத்தாழ நாலு பரப்புக் காணி. பதினைந்து பேர் ஆடும்போது ஒருவரின் பங்கு இரண்டு பரப்புக்கும் குறைவு. நாலு பரப்புக் காணியைத் தனியொருவராகக் காவல் செய்பவருக்கு உடற்கட்டைவிட ஓட்டமும், ஓட்டத்தைவிட எங்கே நிற்பது என்ற அறிவும் முக்கியமாகின்றன. இரு அணியினரும் தோள் கோத்துத் தள்ளி, பருத்த உடல்களின் மோதலால் தீர்மானிக்கப்படும் ஸ்க்ரம்மிலும் இங்கே ஒரு பக்கத்துக்கு மூவர் மட்டுமே. ஆகவே பருமனில் குறைந்த நாட்டு வீரர்களின் பலவீனம் முற்றாக மறையாவிட்டாலும் கணிசமாகக் குறைகிறது.

தடுப்பு முறையை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவர்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. கிளித்தட்டில் குறுக்குக் கோடுகளில் நிற்பவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து மறிக்க, கிளி நடுக்கோட்டில் ஏறி இறங்கி எவரும் தப்பாமல் பார்த்துக்கொள்வார். எழுவர் றக்பியில் பெரும்பாலான அணிகள் ஆறு பேரைக் கோடாக நிறுத்தி, ஏழாமவரைப் பின்னால் தனியே வைக்கின்றன. கோட்டில் ஓர் இடைவெளி விழுந்தால் அதை அடைப்பதும், தலைக்கு மேலால் உதைக்கப்படும் பந்தை எடுப்பதும், ஓடி வருபவரைக் கடைசியாக மறிப்பதும் அந்த ஏழாமவரின் வேலை. கோட்டில் நிற்பவர் அவசரப்பட்டுத் தனியே முன்னால் பாய்ந்தால், அவர் விட்ட வழியால் எதிரணி ட்ரை வைத்துவிடும். கிளித்தட்டிலும் ஒருவர் தன் கோட்டில் ஏமாந்தால் அடுத்த தட்டு திறந்துவிடும் என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தாக்கும் பக்கத்திலும் இதே உறவு இருக்கிறது. எதிரே நிற்பவரின் இடுப்பைப் பார்த்து, ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் நழுவும் உச்சலை நம் பிள்ளைகள் எந்தப் பயிற்றுநரும் இல்லாமலே கற்றிருக்கிறார்கள்.

ஆட்டம் பாதிக்கு ஏழு நிமிடமாகப் பதினான்கு நிமிடம் மட்டுமே. ட்ரைக்கு ஐந்து புள்ளிகள். அதைத் தொடரும் கொன்வேர்ஷன் உதைக்கு இரண்டு. அந்த உதையையும் பந்தை நிலத்தில் ஊன்றி வைத்து நிதானமாக உதைக்க முடியாது. கையிலிருந்து விட்டு, நிலத்தில் பட்டு எழும் கணத்தில், முப்பது விநாடிக்குள் உதைத்துவிட வேண்டும். மஞ்சள் அட்டை பெற்றவர் வெளியே இருப்பது இரண்டு நிமிடம். ஏழு பேரில் ஒருவர் இல்லாத இரண்டு நிமிடத்தில் இரண்டு ட்ரை போய்விடுவது வழமை. இவற்றுள் என் மனத்தைத் தொட்ட விதி வேறொன்று. பதினைந்து பேர் றக்பியில் புள்ளியை விட்டுக்கொடுத்த அணியே பந்தை உதைத்து ஆட்டத்தை மீளத் தொடங்குகிறது. எழுவர் றக்பியில் புள்ளி பெற்ற அணி உதைக்க, விட்டுக்கொடுத்த அணி பந்தை எதிர்கொண்டு எடுக்க முயல்கிறது. பின்தங்கியவர்களிடம் பந்து போய்ச் சேர்வதற்கான வழியை விதியே திறந்துவிடுகிறது.

அட்டவணையின் கணக்கு

இனி ஆய்வின் மையப் பொருளுக்கு வருகிறேன். பதினாறு அணிகளை வைத்து விலகல் முறையில் ஒரு சுற்றுப்போட்டி நடத்தினால் மொத்தம் பதினைந்து ஆட்டங்கள். அவற்றில் முதல் எட்டு ஆட்டங்கள் முடிந்ததும் எட்டு அணிகள், அதாவது வந்தவர்களில் சரி பாதிப் பேர், ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்ப வேண்டும். எங்கள் மைதானத்தில் நடந்ததும் இதுதான்.

அதே பதினாறு அணிகளுக்கு எழுவர் றக்பியில் நீண்ட காலம் கையாளப்பட்ட ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். முதல் நாள், நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள். பிரிவுக்கு ஆறு ஆட்டங்களாக மொத்தம் இருபத்து நான்கு ஆட்டங்கள். இரண்டாம் நாள், ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பெற்றவர்கள் கப் எனப்படும் முதன்மைக் கிண்ணத்தின் காலிறுதிக்குப் போக, மூன்றாம், நான்காம் இடத்தவர்கள் பவுல் கிண்ணத்தின் காலிறுதிக்குப் போகிறார்கள். கப் காலிறுதியில் தோற்ற நால்வருக்கு பிளேட் கிண்ணம். பவுல் காலிறுதியில் தோற்ற நால்வருக்கு ஷீல்ட் கேடயம். இப்படிக் கூட்டினால் இரண்டாம் நாள் இருபது ஆட்டங்கள், மொத்தம் நாற்பத்து நான்கு. எந்த அணியும் ஐந்து ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடுவதில்லை. இரண்டாம் நாளின் காலிறுதிகளில் தோற்ற ஓர் அணிக்கும் அதற்குப் பின் ஓர் அரையிறுதி இருக்கிறது. அதை வென்றால் தன் பெயர் பொறித்த ஏதோவொரு கிண்ணத்துடன் போக வாய்ப்பும் இருக்கிறது.

இவ்வளவு ஆட்டங்களை ஒரே மைதானத்தில் நடத்த முடிவது ஆட்டத்தின் குறுமையால்தான். பதினான்கு நிமிட ஆட்டம், இரண்டு நிமிட இடைவேளை, அணிகள் இறங்கவும் ஏறவும் ஆறு நிமிடம் என்று ஓர் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் ஒதுக்கினால், முதல் நாளின் இருபத்து நான்கு ஆட்டங்களும் எட்டு மணி நாற்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மாலை ஐந்துக்குள் முடியும். விலகல் முறையைக் கைவிட நேரம் போதாது என்று நான் பல கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த இரவில் அந்த வாதம் என் கண் முன்னாலேயே கரைந்தது. எங்கள் சுற்றுப்போட்டிகளில் நேரத்தை விழுங்குவது ஆட்டங்கள் அல்ல. பிரதம விருந்தினரை எதிர்பார்த்து நிற்கும் காலைகளும், ஆட்டத்துக்கு ஆட்டம் இடையே வீணாகும் அரை மணிகளுமே.

ஹொங்கொங் சுற்றுப்போட்டி இதைவிடவும் பெரியதாக வளர்ந்தது. ஆண்டுதோறும் பல நாடுகளில் கட்டம் கட்டமாக நடக்கும் எழுவர் றக்பி உலகத் தொடரின் மற்றைய இடங்களில் பதினாறு அணிகள் ஆடிய காலத்தில் ஹொங்கொங் மட்டும் இருபத்து நான்கு அணிகளை அழைத்தது. ஆறு பிரிவுகளில் முப்பத்தாறு ஆட்டங்கள். பின்னர் கப், பிளேட், பவுல் ஒவ்வொன்றுக்கும் எட்டு அணிகள், ஏழு ஆட்டங்கள். மொத்தம் ஐம்பத்தேழு. முதன்மைக் கிண்ணத்தை வெல்லும் வாய்ப்பு நாலைந்து அணிகளுக்கு மேல் எந்த ஆண்டிலும் இருந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மற்றைய இருபது அணிகளுக்கும் கடைசி நாளில் ஆடுவதற்கு ஒரு காரணம் இருந்தது.

வளர்ந்தவர்கள்

அந்தக் காரணத்தின் பயனை நம் நாடு 1984இல் அனுபவித்தது. அந்த ஆண்டு ஹொங்கொங்கில் இலங்கை அணி பவுல் கிண்ணத்தை வென்றது. முதல் கட்டத்தில் பின்னால் நின்ற அணிகளுக்கான கிண்ணம் அது. ஆகவே அந்த வீரர்கள் ஏற்கெனவே தோல்வியைச் சந்தித்தவர்கள். விலகல் முறையாக இருந்திருந்தால் அவர்களும் எங்கள் நெடுந்தீவு அணியைப் போலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறியிருப்பார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்தும் இலங்கை றக்பியில் பெருமையுடன் நினைவுகூரப்படும் அந்த வெற்றி நடந்தே இராது.

பிஜியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிஜி என்றதும் தமிழர்களாகிய நமக்குக் கரும்புத் தோட்டமும், அங்கே கொண்டுபோகப்பட்டவர்களின் கண்ணீருமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒன்பது இலட்சம் அளவிலான மக்களைக் கொண்ட அந்தத் தீவுக்கூட்டம் 1977இல் ஹொங்கொங்கில் முதன்முறை கிண்ணத்தை வென்றது. 1978, 1980, 1984 ஆகிய ஆண்டுகளிலும், 1990 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகவும் வென்றது. வைசாலே செறேவி என்ற மெலிந்த வீரரின் நழுவலும் கைமாற்றும் அந்த ஆண்டுகளில் உலகெங்கும் பேசப்பட்டன. 1997இல் அதே ஹொங்கொங்கில் நடந்த உலகக் கிண்ணத்தையும் பிஜி தென்னாபிரிக்காவை 24க்கு 21 என்ற புள்ளிகளால் வென்று கைப்பற்றியது. ஹொங்கொங்தான் பிஜியை உருவாக்கியது என்று சொன்னால் அது பிழையாகும். 1977இலேயே சுவாவில் பிரித்தானியத் தீவுகளின் சிறந்த வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியை வீழ்த்தும் அளவுக்கு அவர்களிடம் வலிமை இருந்தது. ஆனால் அந்த வலிமையை ஆண்டுதோறும் உலகுக்குக் காட்டும் ஓர் அரங்கு பதினைந்து பேர் றக்பியில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஹொங்கொங் அதைக் கொடுத்தது.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2009இல் எழுவர் றக்பியை ஒலிம்பிக்கில் சேர்த்தது. 2016 பெப்ரவரியில் வின்ஸ்டன் சூறாவளி பிஜியைத் தாக்கி நாற்பத்து நான்கு உயிர்களைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி ரியோவில், ஒசேயா கொலினிசோவின் தலைமையிலும் இங்கிலாந்தைச் சேர்ந்த பென் றயனின் பயிற்றுவிப்பிலும் ஆடிய பிஜி அணி, இறுதியாட்டத்தில் பெரிய பிரித்தானியாவை 43க்கு 7 என்ற புள்ளிகளால் தோற்கடித்தது. அது பிஜி நாடு எந்த விளையாட்டிலும் பெற்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கம். மறு ஆண்டு அந்நாட்டு மத்திய வங்கி ஏழு டொலர் நாணயத்தாள் ஒன்றை வெளியிட்டது. புயலில் கூரை இழந்த ஊர்கள் அந்த வெற்றியைக் கொண்டாடிய காட்சிகளைப் பார்த்தபோது, இடம்பெயர்ந்து மீண்டு வந்த நம் ஊர்களில் முதன்முதலாக மீண்டும் சுற்றுப்போட்டி வைத்த நாட்களே எனக்கு நினைவுக்கு வந்தன.

1976ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த ஏனையோரிலும் சிலர் வளர்ந்தார்கள். ரியோவில் ஜப்பான் ஆண்கள் அணி நியூசிலாந்தை 14க்கு 12 என வென்று நான்காம் இடத்தைப் பெற்றது. தென்கொரியா 1998, 2002 ஆசிய விளையாட்டு விழாக்களில் தங்கம் வென்றது. விருந்து வைத்தவரான ஹொங்கொங் 2018இல் ஜகார்த்தாவிலும் பின்னர் ஹங்சோவிலும் ஆசியத் தங்கத்தை வென்றது. அதே பட்டியலில் இருந்த இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இலங்கையும் அந்த அளவுக்கு உயரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுற்றுப்போட்டி வாசலைத் திறக்கும். ஆண்டின் மற்றைய நாட்களில் பயிற்சியும் பணமும் ஒழுங்கான நிர்வாகமும் இல்லாத வீட்டுக்குள் அந்த வாசலால் எதுவும் வந்து சேராது.

சுருங்கிய வாசல்

இந்த ஆய்வில் எனக்கு மனக்குறை தரும் பகுதி இது. 2016–17 பருவத்திலிருந்து உலகத் தொடரில் பிளேட்டும் பவுலும் நீக்கப்பட்டன. 2023–24 பருவத்திலிருந்து தொடர் பன்னிரண்டு ஆண்கள் அணிகளுக்கும் பன்னிரண்டு பெண்கள் அணிகளுக்கும் என்று வரையறுக்கப்பட்டது. இருபத்து நான்கு ஆண்கள் அணிகளை அழைத்த ஹொங்கொங்கும் அந்த வரையறைக்குள் வந்தது. 1976இல் அழைப்புக் கிடைத்த ஆசிய நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று அந்த முதன்மைப் போட்டியில் இடம் இல்லை. மைதானமோ ஒவ்வொரு தலைமுறையிலும் பெருத்து வந்திருக்கிறது. 1982இல் சோ கொன் போவின் அரசாங்க மைதானம், 1994இல் அதே இடத்தில் நாற்பதாயிரம் பேருக்கான புதிய அரங்கு, 2025இல் பழைய கை டக் விமான நிலைய நிலத்தில் ஐம்பதாயிரம் பேருக்கான அரங்கு.

மறுபக்கத்தையும் நேர்மையாக எடை போட வேண்டும். பன்னிரண்டும் பன்னிரண்டும் சேர்ந்தால் அதே இருபத்து நான்குதான். ஆண்களின் சிறிய அணிகள் இழந்த இடங்கள் பெண்களுக்குச் சென்றிருக்கின்றன. 2009 உலகக் கிண்ணத்தில்தான் பெண்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டார்கள் என்பதை நினைத்தால், அந்த மாற்றம் நெடுநாள் தாமதமான நீதி. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டத்தில் பெற்ற பெயரைக் கண்ணால் கண்ட நான் அதற்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். பெண்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டே பவுலையும் காப்பாற்றியிருக்கலாம் என்பதே என் கருத்து. ஆட்டங்கள் கூடினால் ஒளிபரப்பு நேரம் நீளும், பார்வையாளர்கள் சோர்வார்கள் என்ற வாதத்தில் வணிக நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த நியாயத்தை 1976இலேயே ஏற்றிருந்தால், இன்று ஐம்பதாயிரம் பேர் கூடும் அந்த விழா முளைவிட்டே இராது.

கண்டி வரை வந்தது

இலங்கையிலும் ஒரு சர்வதேச எழுவர் சுற்றுப்போட்டி 1999 முதல் கண்டி போகம்பறை மைதானத்தில் பல ஆண்டுகள் நடந்தது. பின்னாளில் ஆசியத் தொடரின் ஒரு கட்டம் கொழும்புக்கு வந்தது. தோட்டத்துரைமார் காலத்திலிருந்தே றக்பி வேர்விட்ட கண்டியில் அது நடந்தது இயல்பு. நம் பக்கத்தில் மிஷன் பாடசாலைகள் கொண்டுவந்த விளையாட்டுகளில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமுமே நிலைத்தன. யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான "வடக்கின் போர்" என்ற கிரிக்கெட் போட்டி 1904இலேயே தொடங்கிவிட்டது. கண்டியில் முதற்போட்டி நடந்த ஆண்டில் ஏ9 வீதி மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போக வேண்டுமானால் அனுமதி பெற்றுக் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டிய காலம் அது. நாட்டுக்குள் நடந்த ஒரு சர்வதேசப் போட்டி எங்களுக்கு ஹொங்கொங்கைப் போலவே எட்டாத் தூரத்தில் இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்ப வந்துவிட்டது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சென்னையிலிருந்து நேரே வந்திறங்கலாம். துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில் திறந்து வைக்கப்பட்டது. எனவே யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேச எழுவர் றக்பிப் போட்டி நடக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, வழியும் இடமும் இருக்கின்றன என்றே சொல்வேன். எனக்குள்ள தயக்கம் நிலத்தைப் பற்றியது. குடாநாட்டின் சுண்ணக்கல்மேல் படிந்த செம்மண், வெயில் காலத்தில் கல்லாக இறுகிவிடும். உதைபந்தாட்டத்தில் முழங்கால் தேய்வதோடு போகும் விழுகை, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து வீழ்த்தும் றக்பியில் தோளையும் தலையையும் பதம் பார்க்கும். நிலத்தடி நீரைக் கொட்டி ஆண்டு முழுவதும் புல் வளர்ப்பது நம் கிணறுகளுக்குச் செய்யும் அநியாயம். ஆகவே வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மண் இன்னும் ஈரமாகவும் புல் பச்சையாகவும் வெயில் தணிந்தும் இருக்கும் தை, மாசி மாதங்களே இதற்கு ஏற்ற காலம்.

தலையில் அடிபட்டிருக்கலாம் என்று ஐயம் எழுந்த வீரரை உடனே வெளியே எடுத்து, அன்று திரும்ப இறக்காமல் விடும் ஒழுங்கும் நம்மிடம் இன்னும் பழக்கமாகவில்லை. "ஒண்டுமில்லை, ஓடிப் போ" என்று தண்ணீர் தெளித்து அனுப்பும் வழக்கத்தை நானே செய்திருக்கிறேன். அதை விடாமல் றக்பியைத் தொடக் கூடாது. தொடக்கத்தில் வீழ்த்தாமல் தொட்டு நிறுத்தும் வடிவில் பிள்ளைகளைப் பழக்கி, பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் கிடைத்த பின்னரே முழு ஆட்டத்துக்குப் போவதுதான் பொறுப்பான வழி. கிளித்தட்டு ஆடிய கால்களுக்கு அந்த வடிவம் ஒரு கிழமையில் பிடிபட்டுவிடும்.

றக்பிக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாதது அட்டவணை மட்டுமே. எங்கள் கழகக் கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சமர்ப்பித்தபோது, இரண்டாம் கிண்ணத்துக்குக் காசு எங்கே என்று கேட்டார்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் ஊரவர்கள் தங்கள் தாய் தந்தையர் பெயரில் கிண்ணம் வழங்க ஆண்டுதோறும் முன்வருகிறார்கள் என்பதையும், ஒரே கிண்ணம் இருப்பதால் ஒருவருக்கு மட்டுமே ஆம் என்று சொல்லி மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறோம் என்பதையும் பொருளாளர்தான் எடுத்துச் சொன்னார். பவுல் என்ற சொல்லுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. இரண்டாம் தரம் என்ற பொருள் வரும் எந்தச் சொல்லும் வேண்டாம் என்று தீர்மானித்து, கிண்ணம் வழங்குபவர் தரும் ஞாபகார்த்தப் பெயரையே வைப்பது என்று முடிவாயிற்று.

வரும் தை மாதம் பன்னிரண்டு உதைபந்தாட்ட அணிகள், நான்கு அணிகள் கொண்ட மூன்று பிரிவுகள். முதல் நாள் பதினெட்டு ஆட்டங்கள், ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடமாக ஏழரை மணி நேரம். நெடுந்தீவு அணியின் முதல் ஆட்டம் காலைப் படகு வந்து சேர்ந்து இரண்டு மணி நேரத்தின் பின் வைக்கப்பட்டிருக்கிறது. இரவு தங்குவதற்குக் கழக மண்டபத்தில் பாய்களும், மறுநாள் காலைக்கு இடியப்பமும் சொதியும் ஒழுங்கு செய்தாயிற்று. அவர்களுடைய அன்றைய அணித்தலைவருக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அழைப்புக் கடிதத்தை அவர் பெயருக்கே எழுதி, அதன் அடியில் குறைந்தது நான்கு ஆட்டங்கள் உறுதி என்று என் கைப்பட எழுதி, சென்ற வெள்ளிக்கிழமை குறிகட்டுவானில் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.